றேடியோ யாருடைய போனில் இருக்கிறது? புளூடூத்தும் வீட்டு வைஃபை ஒலியும்

காலை எட்டு மணிக்கு மகன் வேலைக்கு இறங்குகிறான். குசினியில் பாடிக்கொண்டிருந்த றேடியோ இரண்டு தரம் திக்கிவிட்டு நின்றுபோகிறது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பெட்டியைத் தட்டிப் பார்க்கிறார். மாலையில் மகன் வந்ததும், "தம்பி, உந்தப் பெட்டி பழுதாப் போச்சு. காலமையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை" என்கிறார். அவன் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் பெட்டி தானாகப் பாடத் தொடங்கிவிடுகிறது.

இது எமது வீட்டில் நடந்தது. புலம்பெயர்ந்த தமிழர் வீடுகள் பலவற்றிலும் இப்படி ஒன்று நடந்திருக்கும். பெட்டியில் எந்தப் பழுதும் இல்லை. றேடியோ அந்தப் பெட்டிக்குள் இருக்கவேயில்லை, மகனின் கைத்தொலைபேசியில்தான் இருந்தது. போன் வீட்டை விட்டுப் போனதும் றேடியோவும் கூடவே போய்விட்டது.

புளூடூத் ஸ்பீக்கர் வாங்குவதா, வைஃபையில் இயங்கும் ஸ்பீக்கர் வாங்குவதா என்று கேட்டால் கடைக்காரரும் விளம்பரங்களும் ஒலித்தரத்தைப் பற்றித்தான் சொல்வார்கள். வயதானவர்கள் பகலில் தனியே இருக்கும் எமது வீடுகளில் ஒலித்தரம் இரண்டாவது கேள்விதான். ஒலியைச் சுமப்பது யார், வீட்டில் ஆர் இல்லாவிட்டாலும் அது ஓடுமா என்பதே முதற்கேள்வி.

ஒலி வரும் பாதை

புளூடூத்தில் போனும் ஸ்பீக்கரும் நேருக்கு நேர் பேசிக்கொள்கின்றன, நடுவில் வேறெதுவும் இல்லை. இணையத்தில் இருந்து வானொலியை இறக்குவது போன். அதை விரித்து, புளூடூத்துக்கு ஏற்றபடி மறுபடி சுருக்கி, ஸ்பீக்கருக்கு அனுப்புவதும் போன்தான். வருவதை ஒலிக்கவிடுவதைத் தவிர ஸ்பீக்கருக்கு வேறு வேலை கிடையாது. நிலையத்தின் பெயரோ இணைய முகவரியோ அதற்குத் தெரியாது.

வீட்டு வலையமைப்பு வழியாக, அதாவது வைஃபை வழியாக, ஒலி வருவதில் இரண்டு வகை உண்டு. விளம்பரங்கள் இந்த இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுவதால் வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள்.

முதல் வகையில் போன் வெறும் றிமோட். "இந்த நிலையத்தைப் போடு" என்று போன் சொன்னால், ஸ்பீக்கர் தானே ரவுட்டர் வழியாக இணையத்துக்குப் போய் அதை எடுத்துவரும். கூகிளின் குரோம்காஸ்ட் முறை பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. இணைய வானொலிப் பெட்டிகளுக்குப் போனே தேவையில்லை. பெட்டியில் உள்ள பொத்தானை அழுத்தினால் போதும். மகன் வேலைக்குப் போனாலும், போனை நிறுத்தினாலும் குசினியில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது வகையில் ஒலியை அனுப்புவது போன்தான். புளூடூத்துக்குப் பதிலாக வைஃபை வழியாக அனுப்புகிறது, அவ்வளவுதான். ஐபோனில் இருந்து அப்பிளின் ஏர்பிளே வழியாக ஒரு வானொலிச் செயலியைப் போடும்போது வழக்கமாக நடப்பது இது. 2004இல் ஏர்ரியூன்ஸ் என்ற பெயரில் வந்த இந்த முறை 2010இல் ஏர்பிளே ஆனது, 2018இல் ஏர்பிளே 2 வந்தது. ஒலி நன்றாக இருக்கும், சுவர்களையும் தாண்டும். ஆனால் போன் வீட்டை விட்டுப் போனால் பாட்டும் நிற்கும். அம்மாவுக்கு இதனால் ஒரு மாற்றமும் இல்லை.

ஆகவே "வைஃபை ஸ்பீக்கர்" என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். போட்டுவிட்டுப் போனை நிறுத்தினால் பாட்டு தொடருமா என்று கடையிலேயே கேளுங்கள், முடிந்தால் செய்து காட்டச் சொல்லுங்கள்.

புளூடூத்தின் பலமும் பலவீனமும்

புளூடூத் பிறந்த இடம் சுவீடனின் லுண்ட் நகரம். எரிக்சன் நிறுவனத்தில் 1994இல் அதன் வேலை தொடங்கியது, 1998இல் பல நிறுவனங்கள் சேர்ந்து அதற்கெனக் கூட்டமைப்பு ஒன்றை அமைத்தன. பெயர் பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னன் ஹரால்ட் 'நீலப்பல்' என்பவனுடையது. யெலிங் ஊரில் பெரிய ரூனிக் கல்லை நிறுத்தியவன் அவன்தான். டென்மார்க்கில் வளரும் எமது பிள்ளைகளுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரிந்திருக்கும். போனில் நாம் காணும் அந்தச் சின்னமும் அவன் பெயரின் இரண்டு ரூனிக் முதலெழுத்துகளைச் சேர்த்து வரைந்ததுதான்.

புளூடூத் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கிறது. பழைய வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் பாவிப்பது அதே அலைவரிசைதான். இந்த நெரிசலைச் சமாளிக்க அது 79 தடங்களுக்குள் செக்கனுக்கு 1600 தடவை வரை இடம் மாறிக்கொண்டே இருக்கும். அப்படியிருந்தும் குசினியில் சோறு சூடாக்கும்போது பாட்டு விட்டுவிட்டு வருவதுண்டு. சாதாரண கருவிகளுக்குத் தடையில்லாத இடத்தில் சுமார் 10 மீற்றர் தூரம் கணக்கு. பாரிஸ் புறநகரிலோ சுவிசிலோ கம்பி போட்ட கொங்கிறீற் சுவர் கொண்ட அடுக்குமாடியில் ஒரு சுவரைத் தாண்டுவதே கஷ்டம். கனடாவின் மரச்சட்ட வீடுகளில் கொஞ்சம் கூடுதலாகப் போகும், ஆனால் நிலவறையில் தகரக் குழாய்கள் குறுக்கிட்டால் அங்கும் தடைதான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது போனுக்கு அழைப்பு வந்தால் பாட்டு நின்று மணி ஸ்பீக்கரில் அடிக்கும். அவசரத்தில் எடுத்தால், வழக்கறிஞரோ வங்கியோ கதைப்பது குசினி முழுக்கக் கேட்கும். விருந்தினர் இருக்கும்போது இப்படி நடந்த வீடுகளை நாம் அறிவோம். போன் றிமோட்டாக மட்டும் இருக்கும் முறையில் இந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவும் சொன்னாலும் புளூடூத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. சில இடங்களில் அது ஒன்றுதான் வழி. அகதித் தஞ்சம் கோரிப் புதிதாக வந்து முகாமில் அறையைப் பங்கிட்டுக்கொள்பவரை எண்ணிப் பாருங்கள். அவருக்குச் சொந்த ரவுட்டர் கிடையாது. முகாமின் வைஃபையில் சேர ஒரு பக்கத்தைத் திறந்து பெயரோ குறியீடோ கொடுக்க வேண்டியிருக்கும். திரையில்லாத ஒரு வைஃபை ஸ்பீக்கரால் அந்தப் பக்கத்தைத் திறக்க முடியாது. மாணவர் விடுதிகளிலும் இதே கதைதான். அங்கே ஒரு சிறிய புளூடூத் ஹெட்போனும் போனில் உள்ள இணையமும் போதும், பக்கத்துக் கட்டிலில் இரவுவேலை முடித்துத் தூங்குபவருக்கும் இடைஞ்சல் இல்லை. கார், கோயில் மண்டபம், கோடைகால ஒன்றுகூடல் என்று வீட்டுக்கு வெளியே எங்கும் புளூடூத்தான்.

காது கேட்கும் கருவி அணிபவர்களுக்கும் அப்படியே. இப்போது வரும் பல கருவிகள் புளூடூத் வழியாகப் போனோடு நேரடியாகச் சேர்கின்றன. பக்கத்தில் ஸ்பீக்கரை உச்சத்தில் வைத்தும் சொல் விளங்காத அப்பப்பாவுக்கு, கருவிக்குள்ளேயே செய்தி வந்தால் தெளிவாக விளங்கும். எல்.ஈ. ஓடியோ என்ற புதிய புளூடூத் தரத்தோடு வந்த ஒராகாஸ்ட் முறையில், ஒரு மண்டபத்தில் உள்ள எத்தனை பேருடைய கருவிகளுக்கும் ஒரே ஒலியை அனுப்பலாம். எமது சங்கங்கள் அடுத்த தடவை மண்டபத்துக்கு ஒலிக்கருவி வாங்கும்போது இதைப் பற்றி விசாரிப்பது நல்லது. முதியோர் முன்வரிசையில் இருந்தும் ஒன்றும் கேளாமல் வீடு திரும்புவது எமது விழாக்களில் நெடுங்காலமாக நடக்கிறது.

ஒலித்தரம் பற்றிச் சுருக்கமாக

சீ.டி.யில் ஒரு செக்கனுக்கு 1411 கிலோபிட் தரவு இருக்கிறது. எல்லா புளூடூத் ஒலிக்கருவிகளுக்கும் பொதுவான எஸ்.பி.சி. என்ற சுருக்கும் முறை வழக்கமாக அதிகபட்சம் 328 கிலோபிட் அளவில் அனுப்பும். இது சீ.டி.யின் கால்வாசிக்கும் குறைவு. சொனியின் எல்.டி.ஏ.சி. போன்றவை 990 வரை போகும், ஆனால் போனும் ஸ்பீக்கரும் இரண்டும் அதை அறிந்திருக்க வேண்டும். வைஃபையில் இந்தக் கட்டுப்பாடு இல்லை, சீ.டி.யின் தரவை அப்படியே கொண்டுபோகலாம்.

ஆனால் இணையத் தமிழ் வானொலிகள் பல 64 அல்லது 128 கிலோபிட் அளவில்தான் ஒலிபரப்புகின்றன. வருவதே அவ்வளவு என்றால் விலைகூடிய ஸ்பீக்கர் அதில் ஒன்றையும் கூட்டிவிடாது. ஏற்கெனவே சுருங்கிய ஒலியை புளூடூத் இன்னொரு தரம் சுருக்குவதால் வரும் இழப்பைச் செய்தியிலும் பேச்சிலும் காது கவனிக்காது. வயலின், நாதஸ்வரத்தில் கூர்ந்து கேட்டால் தெரியலாம். வானொலிக்காக மட்டும் வாங்குபவர்கள் இந்தக் காரணத்துக்காகப் பணத்தைக் கொட்டத் தேவையில்லை. 128 கிலோபிட் வானொலி மணிக்கு சுமார் 58 மெகாபைட் எடுக்கும். வீட்டு இணையத்துக்கு அது ஒரு பொருட்டல்ல, ஆனால் மாதத்துக்கு இவ்வளவு என்று அளந்து வாங்கும் போன் இணையத்தில் நாள் முழுக்கக் கேட்டால் 1.4 கிகாபைட் போய்விடும்.

பெட்டி பேசிய காலம்

அம்மாவின் தலைமுறைக்கு வானொலி என்பது ஒரு பொருள். சிற்றலையில் பி.பி.சி. தமிழோசையைத் தேடிப் பிடித்தது அந்தப் பொருளில். 90களில் கனடாவுக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும், எஸ்.சி.எம்.ஓ. என்ற முறையில் வந்த தமிழ் வானொலிகளைக் கேட்கத் தனிப் பெட்டி வாங்க வேண்டியிருந்தது. சாதாரண றேடியோவில் அவை வரா. பெட்டியைக் குசினி மேசையில் வைத்தால் காலையில் இருந்து இரவு வரை தமிழ் பேசும். அதற்குக் கடவுச்சொல்லும் இல்லை, செயலியும் இல்லை, பிள்ளைகளின் தயவும் தேவையில்லை.

அந்தக் காலம் போய்விட்டது. தமிழோசையின் வானொலிச் சேவை 2017 ஏப்ரலுடன் நின்றது. அதே ஆண்டில் நோர்வே தேசிய எப்.எம். ஒலிபரப்பை நிறுத்தியது. சுவிசின் பொதுச்சேவை ஒலிபரப்பு நிறுவனம் 2024 முடிவில் எப்.எம். ஐ விட்டது. சிற்றலையும் எப்.எம்.மும் இப்படிக் குறையக் குறைய இணையமே மிச்சமாகிறது. இணையம் என்றவுடன் போன் என்று நாம் முடிவு செய்துவிட்டோம். அம்மா தன் கையால் போட்டு, தன் கையால் நிறுத்திய றேடியோவை நாமே எமது சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டோம் என்றும் சொல்லலாம்.

வைஃபை பெட்டியின் மறுபக்கம்

இதுவரை சொன்னதை வைத்து, பொத்தான் உள்ள ஒரு இணைய வானொலிப் பெட்டியை வாங்கிவிட்டால் எல்லாம் சரி என்று தோன்றும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

இப்பெட்டிகளில் பல, நிலையங்களின் பட்டியலை ஒரு நிறுவனத்தின் கணினியிடம் கேட்டுத்தான் இயங்குகின்றன. அந்த நிறுவனம் கடையைப் பூட்டினால் நல்ல பெட்டியும் ஊமையாகும். ரெசிவா என்ற பட்டியல் சேவை 2021இல் மூடப்பட்டது. அதை நம்பியிருந்த பல வகை இணைய வானொலிகள் அத்தோடு நிலையங்களைத் தேடும் வசதியை இழந்தன. கூகிள் 2015இல் விற்கத் தொடங்கிய குரோம்காஸ்ட் ஓடியோ என்ற சிறு வட்டக் கருவி 2019இல் நிறுத்தப்பட்டது. 2025 மார்ச்சில் ஒரு பாதுகாப்புச் சான்றிதழின் காலம் முடிந்ததால், உலகெங்கும் வீடுகளில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த அக்கருவிகள் திடீரென்று வேலை செய்ய மறுத்தன. சில நாட்களுக்குப் பிறகே திருத்தம் வந்தது. புளூடூத் ஸ்பீக்கருக்கு இப்படி ஒரு சாவு வராது. மின்கலம் தளரலாம், ஆனால் எங்கோ உள்ள ஒருவரின் அனுமதி அதற்குத் தேவையில்லை.

எமது சிறிய வானொலிகளாலும் ஒரு தொல்லை உண்டு. அவை அடிக்கடி வழங்கியை மாற்றும். மாற்றினால் ஒலி வரும் முகவரியும் மாறும், பெட்டியில் பதிந்துவைத்த பொத்தான் அடுத்த நாள் ஊமை. சில நிலையங்கள் பாதுகாப்பான இணைப்புக்கு மாறும்போது, அதை அறியாத பழைய பெட்டிகள் தோற்றுப்போகும். வானொலி நடத்தும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். முகவரியை மாற்றினால் பழையதைக் குறைந்தது ஒரு வருடமாவது புதியதற்குத் திருப்பி விடுங்கள். சாதாரண முகவரியையும் உயிரோடு வைத்திருங்கள். இணையத்தளத்தில் ஒலியின் நேரடி முகவரியைத் தெளிவாக எழுதி வையுங்கள். செயலியை இறக்குங்கள் என்று மட்டும் சொன்னால், போன் பாவிக்கத் தெரியாத நேயர்களை நீங்களே கைவிடுகிறீர்கள்.

வாங்குபவர்கள் மூன்று விடயங்களைக் கவனித்தால் போதும். நிலையத்தின் முகவரியை நாமே எழுதிப் பதியும் வசதி பெட்டியில் இருக்க வேண்டும். கையால் அழுத்தக்கூடிய உண்மையான பொத்தான்கள் இருக்க வேண்டும். புளூடூத்தோ வயர் செருகும் துளையோ கூடவே இருக்க வேண்டும், இணையப் பகுதி செத்தாலும் ஸ்பீக்கராகவாவது பிழைக்கும்.

குரலுக்குப் பதில் சொல்லும் ஸ்பீக்கர்களைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். வழக்கு, விசா, காசு என்று எல்லாவற்றையும் குசினியிலேயே கதைக்கும் எமது வீடுகளில் எப்போதும் திறந்திருக்கும் ஒலிவாங்கி எமக்குப் பிடிக்கவில்லை. வைத்திருப்பவர்கள் ஒலிவாங்கியை நிறுத்தும் ஆளி எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டிக் கொடுங்கள்.

போனில் ஸ்பீக்கர் தெரியவில்லையா?

வைஃபை ஒலியில் அடிக்கடி வரும் முறைப்பாடு இது. பெரும்பாலும் போன் வேறு வலையமைப்பில் இருக்கும். விருந்தினர் வைஃபையில் இருந்தாலோ, போனின் சொந்த இணையத்தில் இருந்தாலோ, வி.பி.என். போட்டிருந்தாலோ வீட்டு ஸ்பீக்கர் கண்ணுக்குத் தெரியாது. ஊர்த் தொலைக்காட்சி பார்ப்பதற்காக வி.பி.என். போட்டுவிட்டு நிறுத்த மறந்தவர்கள் பலர்.

பழைய பெட்டிகள் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள். வீடு மாறினால் அல்லது இணைய நிறுவனத்தை மாற்றினால், புதிய ரவுட்டருக்குப் பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே வைத்துவிடுங்கள். பெட்டிகள் தாமாகவே சேர்ந்துகொள்ளும். புதிய ரவுட்டர் டபிள்யூ.பி.ஏ.3 என்ற புதிய பூட்டை மட்டும் ஏற்றுக்கொள்ளும்படி இருந்தால் பழைய பெட்டி சேராது, இரண்டையும் ஏற்கும்படி மாற்ற வேண்டும். இந்த ஒன்றைச் செய்யாததால் எத்தனையோ நல்ல பெட்டிகள் வீடு மாறும்போது குப்பைக்குப் போயிருக்கின்றன.

பொங்கல் காலையில் வீடு முழுக்க ஒரே பாட்டு வேண்டும் என்றால் வைஃபைதான். ஏர்பிளே 2, குரோம்காஸ்ட் போன்றவை பல அறைகளின் ஸ்பீக்கர்களை ஒரே தாளத்தில் ஓடவிடும். புளூடூத்தில் ஒரே கம்பனியின் சில ஸ்பீக்கர்களைச் சேர்க்கலாம், அதுவும் பக்கத்தில் பக்கத்தில்.

கசெற்றுகள்

பல வீடுகளில் சப்பாத்துப் பெட்டியொன்றில் கசெற்றுகள் இருக்கின்றன. கடிதம் எழுதுவதற்குப் பதில் ஊரில் இருந்து பேசி அனுப்பியவை, கோயில் திருவிழாவில் பதிந்தவை, இப்போது இல்லாதவர்களின் குரல்கள். வைஃபை ஒலிக்குச் செலவழிப்பதற்கு எமக்குத் தெரிந்த மிகச் சிறந்த காரணம் இதுதான்.

கசெற்றைக் கணினியில் பதியும்போது சீ.டி. தரத்தில் பதிந்தால் ஒரு மணிநேரத்துக்கு சுமார் 635 மெகாபைட். எப்.எல்.ஏ.சி. என்ற இழப்பில்லாத முறையில் சுருக்கினால் ஏறக்குறையப் பாதியாகும். முதற்பிரதியை எம்.பி.3 ஆக்க வேண்டாம், அப்படிப் போனது திரும்ப வராது. பதிந்த கோப்புகளை ஒரு யூ.எஸ்.பி. தட்டில் போட்டு ரவுட்டரில் செருகலாம். ஜேர்மனியில் பல வீடுகளில் உள்ள ஃபிரிட்ஸ்பொக்ஸ் போன்ற ரவுட்டர்கள் அதை வீட்டுக்குள் ஒரு சிறு ஒலிநூலகமாக்கிவிடும். டி.எல்.என்.ஏ. முறையை அறிந்த இணைய வானொலியோ தொலைக்காட்சியோ அதை எடுத்து ஒலிக்கும். இணையம் அறுந்தாலும் வீட்டு வலையமைப்பு இருந்தால் போதும். கொஞ்சம் கைவேலை தெரிந்த பிள்ளைகள் ஒரு ராஸ்பெரி பை கணினியில் லிரியன் என்ற இலவச மென்பொருளைப் போட்டு இதைச் செய்யலாம். லொஜிரெக் நிறுவனம் 2012இல் கைவிட்ட ஸ்குவீஸ்பொக்ஸ் வானொலிகளை இன்றுவரை பேசவைப்பது அந்த மென்பொருள்தான். தட்டு எப்போதும் ஒன்றாக இருக்கக் கூடாது. இன்னொரு பிரதியை வேறு நாட்டில் உள்ள சகோதரர் வீட்டில் வையுங்கள். எமது குடும்பங்கள் பல நாடுகளில் சிதறிப்போனதற்கு இதில் ஒரு பயன் உண்டு.

அம்மாவின் குசினியில் இப்போது நான்கு பொத்தான் உள்ள ஒரு பெட்டி இருக்கிறது. முதல் மூன்றும் வானொலிகள், அவற்றின் முகவரிகளை ஒரு துண்டில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கிறோம். நான்காவது பொத்தானில் கசெற்றுகளின் பட்டியல். பழைய புளூடூத் ஸ்பீக்கரை மகன் காருக்குக் கொண்டுபோய்விட்டான். போன கிழமை ஒருநாள் குசினியில் சத்தமே இல்லாததால் மறுபடி பழுதோ என்று ஓடிப்போய்ப் பார்த்தோம். அம்மாதான் நிறுத்தியிருந்தார். "செய்தி ஒண்டும் சரியில்லை" என்றார்.